செதுக்கிக் காட்டு

அந்தப் பெண்ணின் கை முதலில் எதைத் தொடுகிறது என்று பார்க்க வேண்டும், பாதி அதிலேயே தெரிந்துவிடும் என்று நினைத்தபடி தமயந்தி நாற்காலியைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டாள். ரொம்பக் கிட்டத்தில் உட்கார்ந்தால் காவல் காக்கிற மாதிரி இருக்கும். ரொம்பத் தள்ளிப் போனால் விரல் தெரியாது. இந்த இடம் சரி. இங்கிருந்து பார்த்தால் அவளைப் பார்க்கிற மாதிரியும் இருக்கும், ஜன்னலுக்கு வெளியே வேப்பமரத்தை வேடிக்கை பார்க்கிற மாதிரியும் இருக்கும். மதியச் சாப்பாடு முடிந்து மற்ற பிள்ளைகளெல்லாம் சிற்ப வகுப்புக்குப் போயிருந்தார்கள். அச்சுக்கலை அறையில் மூன்று பேர்தான். ஜன்னலோர மேசையில் மூன்றாம் ஆண்டு மாணவி ஜெபமலர். அவளுக்கு எதிரே, இந்தப் பல்கலைக்கழகத்தின் நுண்கலைத் துறையில் தலை கருப்பாக இருந்த காலத்திலிருந்து அச்சுக்கலையும் புத்தகச் சித்திரமும் சொல்லிக்கொடுத்து வரும் தமயந்தி. கதவை ஒட்டி ஒரு ஸ்டூலில் துறைத்தலைவர் குலசேகரன், கையில் போன், முகத்தில் ஒரு கல்யாண வீட்டுச் சிரிப்பு. அந்தச் சிரிப்பு எதற்கு என்று தமயந்திக்குப் புரியவில்லை. சாப்பிட்ட தயிர்சாதம் இன்னும் நெஞ்சிலேயே நின்றது. மேலே சுற்றிய மின்விசிறி மண்ணெண்ணெய் வாடையையும் மை வாடையையும் கலக்கிக் கலக்கி அவள் முகத்திலேயே கொண்டுவந்து கொட்டியது.

“பயப்பட ஒண்ணும் இல்லம்மா” என்றார் குலசேகரன். “சின்னதா ஒரு படம். இங்கயே, எங்க முன்னாடி வரைஞ்சு செதுக்கிக் காட்டு. எதைப் போடணும்னு நாங்க சொல்றோம், அவ்வளவுதான்.” சொல்லிவிட்டு அறையைச் சுற்றிப் பார்த்தார். அச்சுப் பிரஸ்ஸுக்கு அடியில், சிமெண்டுத் தரையின் குளிர்ச்சியில், வளாகத்தில் சுற்றுகிற செவலை நாய் சுருண்டு கிடந்தது. “அதோ, அந்த நாயைப் போடு.”

“சரி சார்” என்றாள் ஜெபமலர். அப்புறம் அவரை விட்டுவிட்டு தமயந்தியைப் பார்த்து, “எந்த சைஸ் மேடம்?” என்று கேட்டாள். உள்ளங்கை அளவு போதும் என்று தமயந்தி கையை விரித்துக் காட்டினாள். காட்டிய கையை உடனே மடக்கிக்கொண்டாள். ஏன் என்னைப் பார்த்துக் கேட்கிறாள், அவரிடம் கேட்டிருக்கலாமே. காலையில் நடைக்கூடத்தில் இந்தப் பெண்ணை நிறுத்தி, எச்ஓடி சார் உன் கை வேலையை ஒரு தடவை நேரில் பார்க்கணும்ங்கறார், சும்மாதான், நீ ஒண்ணும் கலங்காதே, நான் கூடவே இருப்பேன் என்று சொன்னது நினைவுக்கு வந்தது. கூடவே இருப்பேன் என்றதும் இவள் முகம் எப்படி லேசானது. சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. பார்க்க வேண்டும் என்று அவர் சொன்னது நிஜம். அவரை அப்படிச் சொல்ல வைத்தது யார் என்று இவள் கேட்கவில்லை, அதனால் சொல்லவில்லை. கேட்காததை எல்லாம் ஒருத்தி எதற்குச் சொல்ல வேண்டும். கூடவே இருப்பதும் நிஜம்தான், இதோ இருக்கிறேனே, தண்ணீர் பாட்டில்கூட நான்தான் எடுத்து வைத்தேன். ஜெபமலரின் கை பென்சிலைத் தொடவில்லை, உளியையும் தொடவில்லை. லினோ துண்டை எடுத்து ஜன்னல் விளிம்பில் வெயில் விழுகிற இடமாகப் பார்த்து வைத்தாள். தரைக்குப் போடும் ரப்பர் விரிப்பு மாதிரியான சாம்பல் நிறத் துண்டு. வெயிலில் சூடேறினால் இளகிக்கொடுக்கும், உளி சிரமமில்லாமல் ஓடும். இது நான் சொல்லிக்கொடுத்ததா? சொல்லிக்கொடுத்திருக்கலாம், எத்தனை பேருக்கு எத்தனை சொல்கிறோம். இல்லை, எதாவது வீடியோவில் பார்த்திருப்பாள். வீடியோவில் பார்த்துக் கற்றுக்கொள்வது தப்பா என்ன. தப்பில்லை. தப்பில்லைதான், ஆனால் எதையெல்லாம் வீடியோவில் பார்க்கிறாள், எதையெல்லாம் போனில் எடுக்கிறாள் என்று யாருக்குத் தெரியும்.

எல்லாம் அந்த ஆட்டிலிருந்து ஆரம்பித்தது. கதை தமயந்தி எழுதியதுதான். புத்தகச் சித்திர வகுப்புக்கென்று வருஷா வருஷம் ஒரு குட்டிக் கதை எழுதிக் கொடுப்பாள். பிள்ளைகள் அதற்குப் படம் வரைந்து, லினோவில் செதுக்கி, அச்செடுத்து, தைத்துப் புத்தகமாக்கிக் கொண்டுவர வேண்டும். இந்த வருஷக் கதையில் ஒரு பெரியவர் மகள் வீட்டுக்கு ஆட்டை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போகிறார், கண்டக்டர் ஆட்டுக்கும் டிக்கெட் போடச் சொல்கிறார், போட்ட டிக்கெட்டை ஆடு தின்றுவிடுகிறது. எல்லாப் பிள்ளைகளும் ஆடு டிக்கெட் தின்பதைத்தான் பெரிதாகப் போட்டிருந்தார்கள், அதில்தானே சிரிப்பு இருக்கிறது. ஜெபமலரின் புத்தகத்தில் அது ஒரு மூலையில் சின்னதாகக் கிடந்தது. அடுத்த பக்கத்தைப் புரட்டியபோதுதான் தமயந்திக்குக் கை நின்றுவிட்டது. ஆடு ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறது. வெளியே மழை. பஸ் கண்ணாடியில் ஆட்டின் முகம் மங்கலாக இன்னொரு தடவை தெரிகிறது, அந்த மங்கல் முகத்துக்குள்ளேயே ஒரு ஊர் விளக்குகளோடு கடந்துபோகிறது. ஊதா, அதன்மேல் பச்சை, அதன்மேல் கருப்பு. பார்த்தவுடன் அவள் மனத்தில் வந்தது, ஐயோ எவ்வளவு நன்றாக இருக்கிறது என்பதல்ல. இது இவளுடையது இல்லை என்பதுதான் முதலில் வந்தது. முதலில் வந்த குரல்தான் பேசிக்கொண்டே இருந்தது, இரண்டாவதாக வந்தது வெட்கப்பட்டுக்கொண்டு பின்னால் நின்றது. முதலாம் ஆண்டில் இந்தப் பெண் மாட்டுக்கு நாற்காலிக்கால் போட்டவள். போன வருஷம்கூட மனிதர்களுக்குக் கழுத்து வராது, எல்லாரும் சட்டைக்குள்ளிருந்து நேராகத் தலையை நீட்டுவார்கள். அவளுக்கு ஒரே விடுமுறையில் இந்தக் கண் எங்கிருந்து வந்தது? செதுக்கிய லினோவை எல்லாம் கொண்டுவாம்மா, பார்க்கலாம் என்றால், “ஒண்ணும் இல்ல மேடம், ஒரே லினோவுலதான் ஒவ்வொரு கலருக்கும் செதுக்கிச் செதுக்கி எடுத்தேன், கடைசியில வெறும் தோலுதான் மிஞ்சுச்சு, தூக்கிப் போட்டுட்டேன்” என்றாள். அந்த முறையும் உண்டுதான். முதல் நிறம் ஏற்றியபின் அதே லினோவை இன்னும் வெட்டி அடுத்த நிறம், அதையும் வெட்டி அதற்கடுத்தது, முடியும்போது காட்டுவதற்கு ஒன்றும் மிஞ்சாது. ஒன்றும் மிஞ்சாது என்பதற்காகவே அந்த முறையை எடுத்தாளோ. போனில் நாலு வார்த்தை தட்டினால் படம் வந்து விழுகிற காலம் இது. விழுந்த படத்தின் கீழே கார்பன் தாளை வைத்து லினோவில் தேய்த்துவிட்டால் அப்புறம் கோட்டின் மேலேயே உளியை ஓட்டவேண்டியதுதான் வேலை. கை இவளுடையதாகவே இருந்துவிட்டுப் போகட்டும், கண் யாருடையது?

சூடேறிய லினோவை ஜெபமலர் மேசையில் வைத்தாள். பென்சிலை விட்டுவிட்டு மெல்லிய பிரஷ்ஷை மையில் தோய்த்தாள். நாயைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். வரைய வராதவர்கள்தான் இப்படி நேரம் கடத்துவார்கள் என்று தமயந்தி நினைத்தாள். நினைத்து முடிப்பதற்குள் பிரஷ் இறங்கி நாயின் முதுகு ஒரே வளைவாக லினோவில் கிடந்தது. சரி, முதுகு யாருக்கும் வரும். குலசேகரன் போனிலிருந்து தலையைத் தூக்கி, “ஆரம்பிச்சாச்சா?” என்று கேட்டுவிட்டு மறுபடி தலையைக் கவிழ்த்துக்கொண்டார். இந்த மனிதருக்கு என்ன அவசரம். சும்மா ஒரு சந்தேகம் சார் என்று போய்ச் சொன்னபோது நியாயமாக என்ன சொல்லியிருக்க வேண்டும், நீங்களே விசாரிச்சுக்குங்க மேடம் என்று சொல்லியிருக்க வேண்டும். இவரோ நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். “நெஜமாவா? நம்பவே முடியலையே! கண்டிப்பா பாத்துருவோம், ஒரு டெஸ்ட் வெச்சுருவோம்.” அந்தக் கண்டிப்பாவில் இருந்த உற்சாகம் அப்போதே தமயந்திக்கு உறுத்தியது. அச்சுக்கலை அறையைக் காலி செய்து கம்ப்யூட்டர் அறை ஆக்க வேண்டும் என்று இவர் எத்தனை நாளாகப் பேசிக்கொண்டிருக்கிறார். பிரஸ்ஸைத் தூக்கி வாசல் வராந்தாவில் வைத்தால் வருகிறவர்கள் பார்க்க அழகாக இருக்கும் மேடம், ஒரு பாரம்பரியம் மாதிரி என்று தேநீர் குடித்துக்கொண்டே சொன்னார். இந்தப் பெண் ஏமாற்றினாள் என்று ஆகிவிட்டால் என்ன பேசுவார்? அச்சுக்கலையிலேயே மெஷின் படம் வந்தாச்சு, அப்புறம் எதற்கு உளியும் உருளையும் என்பார். ஆக, நான் போய் என் காலடியில் நானே பள்ளம் தோண்டிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். அப்படியானால் இந்தப் பெண் ஜெயிக்க வேண்டும் என்று நான் விரும்ப வேண்டும். விரும்புகிறேனா? தமயந்தி தன் மனத்தை எட்டிப் பார்த்தாள். அங்கே ஊதா வெளிச்சத்தில் அந்த ஆடு ஜன்னலோரம் உட்கார்ந்து அவளையே ஓரக்கண்ணால் பார்த்தது.

மெஷின் போட்ட படத்தில் விரலோ காலோ கூடிக் குறைந்திருக்கும் என்பார்கள், அதனால் சமீபமாக எதைப் பார்த்தாலும் விரல்களை எண்ணுகிற பழக்கம் வந்துவிட்டது. பஸ் நிறுத்தத்துக்கு எதிரே ஒரு காதுகுத்து பிளக்ஸ் வைத்திருந்தார்கள், குழந்தைக்குப் பின்னால் அலங்காரத்துக்கு ஒரு யானை, யானைக்கு ஐந்து கால். வீட்டார் எல்லாரும் அதன்முன் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள், ஒருத்தரும் எண்ணவில்லை. வீட்டுக்கு வந்து சொன்னபோது கணவர், “யானை நல்லாத்தானே இருந்துச்சு, உனக்கு இப்பல்லாம் எதைப் பாத்தாலும் சந்தேகம்” என்றார். அவர் சொல்லிலும் ஏதோ இருந்தது. காலண்டர், பிஸ்கட் பாக்கெட், பாடப்புத்தக அட்டை, பல் டாக்டர் வீட்டுச் சுவரில் சிரிக்கிற பெண், எல்லாவற்றின் கையையும் எண்ணினாள். வழவழவென்று இருக்கிற எந்த முகத்தையும் நம்ப முடியவில்லை. எப்போதிலிருந்து இது? பதிப்பகத்திலிருந்து அந்தப் பெண் போன் செய்த நாளிலிருந்து. மேடம், இந்தத் தடவை குழந்தைகள் வரிசைக்குப் படம் நாங்களே பாத்துக்கறோம், நீங்க சிரமப்பட வேண்டாம். எத்தனை இனிமையாகச் சொன்னாள், சிரமப்பட வேண்டாம். நாங்களே என்றால் யார்? அங்கே பென்சில் பிடிக்கிறவர் ஒருத்தரும் கிடையாது என்று தமயந்திக்குத் தெரியும். அந்த வரிசைக்கு எத்தனை அணில் போட்டிருக்கிறாள், எத்தனை காக்கா, எத்தனை மூக்குக்கண்ணாடி போட்ட எலி. புதிய புத்தகம் கடைக்கு வந்ததும் வாங்கிப் பார்த்தாள். அணிலின் முதுகில் மூன்று கோட்டுக்குப் பதில் வரிக்குதிரை மாதிரி வரிவரியாக இருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு கடையிலேயே நின்றாள். பக்கத்தில் ஒரு சின்னக் குழந்தை அதே புத்தகத்தைப் பார்த்து ஐ அணில் என்று கத்தியது. அன்றிலிருந்து வீட்டில் ஒரு கோடு போடவில்லை. போட்டுப் பார்க்கப் பயமாக இருந்தது என்பதுதான் உண்மை. என்ன பயம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. போட்ட கோடு நன்றாக வந்துவிட்டால்கூட இது நான்தானா என்று தன் கையையே திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டிவருமோ என்று ஒரு பயம்.

வாசலில் யாரோ மோட்டார் சைக்கிளை உதைத்தார்கள். நாய் தலையைத் தூக்கியது, எழுந்து உடம்பைச் சிலிர்த்தது, மூன்று பேரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு வெளியே போய்விட்டது. “அடடா” என்றார் குலசேகரன். ஜெபமலர் பிரஷ்ஷைப் பிடித்தபடியே இருந்தாள். பாதி நாய் லினோவில் இருந்தது, மீதி நாய் வெயிலில் நடந்துபோனது. இப்போது தெரியும் என்று தமயந்திக்குள் ஒன்று நிமிர்ந்து உட்கார்ந்தது. அந்த நிமிர்வு அவளுக்கே பிடிக்கவில்லை. சொல்லிவைத்தாற்போல் நாய் எழுந்து போகிறதே, இதற்கும் யாராவது ஏற்பாடு செய்திருப்பார்களா என்றுகூட ஒரு நொடி நினைத்து, சீ என்று அதை அமுக்கினாள். “வேணும்னா வேற ஏதாவது போடும்மா, அந்த ஃபேனைப் போடு” என்றார் குலசேகரன். “பரவால்ல சார்” என்று ஜெபமலர் காலியான தரையைப் பார்த்தாள். நாய் படுத்திருந்த இடம் தூசியில்லாமல் வட்டமாக இருந்தது. அந்த வட்டத்தைப் பார்த்துப் பார்த்து முகத்தை வரைந்தாள், பின்னங்காலை மடித்தாள், வாலைக் கொண்டுவந்து மூக்குக்குப் பக்கத்தில் வைத்தாள். கீழ் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். உளியை எடுத்தாள். முதல் சுருள் லினோவிலிருந்து கழன்று மேசையில் விழுந்தது. அவள் உளியை வளைக்கவில்லை, கோடு வளைகிற இடத்தில் இடது கையால் லினோவைத்தான் திருப்பினாள். இதை நான் சொல்லிக்கொடுத்தேன், இது நிச்சயமாக நான் சொன்னதுதான் என்று தமயந்திக்குத் தொண்டை வரைக்கும் ஒரு சந்தோஷம் வந்தது. வந்த வேகத்தில் அடுத்த யோசனை அதன் காலைத் தட்டிவிட்டது. செதுக்கத் தெரியும் என்பதை யார் இல்லை என்றார்கள், கேள்வி கண்ணைப் பற்றித்தானே. சரி, கண்ணாலும்தானே வரைந்தாள், நாய் போனபிறகும் வரைந்தாளே. நாயை வரைகிறவளுக்கு ஆடு வராதா. ஆடு வரும், ஆனால் மழை? கண்ணாடிக்குள் போகிற ஊர்?

முதல் வருஷம், முதல் வகுப்பு, இந்த அறையில் அச்சிட்ட தாள் ஒன்றைக் கையில் கொடுத்தபோது இந்தப் பெண் கருப்பின் மேல் விரல் நகத்தால் லேசாகச் சுரண்டிப் பார்த்து, “இந்தக் கருப்பு ஏன் மேடம் இவ்ளோ கருப்பா இருக்கு?” என்று கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். தமயந்தி சிரிக்கவில்லை, இது கேட்கிற பெண் என்று குறித்துக்கொண்டாள். குளச்சல் பக்கம் கடற்கரையில் ஏதோ ஊர், வீட்டில் படித்தவர்கள் இல்லை, விடுதியில் இருக்கிறாள். கேட்டதை மறந்துவிட்டு நாற்காலிக்கால் மாட்டை மட்டும் எப்படி நினைவில் வைத்துக்கொண்டேன்? இதே வகுப்பில் மேகனாவும் இருக்கிறாள், ஓவியர் வீட்டுப் பெண், போன வருஷம் அவளுடைய மனிதர்களும் அட்டைப் பெட்டி மாதிரிதான் நின்றார்கள். இந்த வருஷம் அவள் புத்தகமும் ஒரேயடியாக மேலே போயிருந்தது. அதைப் பார்த்து என்ன சொன்னோம்? நல்ல வளர்ச்சி மேகனா, வீட்டில் அப்பா சொல்லிக்கொடுத்தாரா என்று சிரித்துக்கொண்டே கேட்டோம். அவளும் சிரித்தாள். அதற்குப் பெயர் வளர்ச்சி. இவளுக்கு வந்தால் அது எங்கிருந்து வந்தது. இந்த இடத்துக்கு வந்ததும் தமயந்தியின் நினைப்பு சட்டையில் முள் மாட்டிய மாதிரி நின்றது. பின்னால் இழுத்தாலும் கிழியும், முன்னால் போனாலும் கிழியும். இல்லை, அது அப்படி இல்லை, மேகனாவின் படத்தில் அப்படி ஒன்றும் பெரிய அதிசயம் கிடையாது, நன்றாக இருந்தது அவ்வளவுதான், இவள் படம்தான். இவள் படம்தான் என்ன? சொல்லேன். அந்தக் கதையை எழுதியபோது, ஆடு பஸ்ஸில் ஏறியதுமே, அது வெளியே பார்க்குமே, வெளியே என்ன நினைத்துக்கொண்டு பார்க்கும் என்று ஒரு கணம் தோன்றியதா இல்லையா. தோன்றியது. ஒரு படம் கண்ணுக்கு முன்னால் வந்தது, ஆனால் நிற்காமல் போய்விட்டது. எட்டிப் பிடிக்க உட்கார்ந்து பார்த்து, இரண்டு தாளைக் கிழித்துவிட்டு, பிள்ளைகளுக்கு டிக்கெட் தின்கிறதே போதும் என்று எழுந்துவிட்டாள். யாரிடமும் சொல்லவில்லை. அந்தப் படம் இவளிடம் போய் நின்றிருக்கிறது. தனக்குக் கிடைக்காதது இன்னொருத்திக்குக் கிடைத்தது என்பதைவிட ஒரு மெஷினுக்குக் கிடைத்தது என்றால் நெஞ்சு அவ்வளவு எரியாது போலிருக்கிறது. இதை யாரிடம் சொல்வது. இந்த எரிச்சலுக்குத்தான் சந்தேகம் என்று பெயர் வைத்து எச்ஓடி அறைக்கு எடுத்துப்போனேனா. இல்லை, நிஜமாகவே சந்தேகம் இருந்தது. இருந்ததா? இன்னும் இருக்கிறதா?

“மேடம், இங்க் எந்த டின்?” என்று ஜெபமலர் கேட்டாள். செதுக்கி முடித்திருந்தாள். தமயந்தி தானே எழுந்துபோய் கருப்பு மையை எடுத்துக் கொடுத்தாள், கொடுக்கும்போது இந்தப் பெண்ணின் விரல் சில்லென்று இருப்பதை உணர்ந்தாள். இவ்வளவு வெக்கையில் எப்படி இப்படிச் சில்லிட்டுப் போயிருக்கிறது. பயமா? தப்புச் செய்தவர்களுக்கும் சில்லிடும், செய்யாதவர்களுக்கும் சில்லிடும், விரலைத் தொட்டுப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. கண்ணாடிப் பலகையில் மை உருளையின்கீழ் சளசளவென்று சத்தமிட்டது. அந்தச் சத்தம் சரியாக வரும்வரை ஜெபமலர் உருட்டினாள். லினோவில் ஏற்றினாள், பிரஸ்ஸில் வைத்தாள், தாளைப் பரப்பினாள், கம்பளியை மூடினாள், சக்கரத்தைச் சுற்றினாள். முதல் அச்சு வெளிறிப்போய் வந்தது, நாயின் வயிற்றில் மை பிடிக்கவில்லை. குலசேகரன் எட்டிப் பார்த்து ம்ம் என்றார். அந்த ம்ம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று தமயந்தி கவனித்தாள். “இன்னொண்ணு எடுத்துக்கறேன் சார்” என்று ஜெபமலர் கம்பளிக்கு அடியில் ஒரு தாள் கூடுதலாகச் செருகி மறுபடி சுற்றினாள். தாளின் ஒரு முனையைப் பிடித்து மெல்லத் தூக்கினாள்.

நாய் தூங்கிக்கொண்டிருந்தது. உடம்பு முழுக்கத் தூங்கியது, மடக்கிய கால், வால், விலா எல்லாம். ஒரு காது மட்டும் தூங்கவில்லை. அது லேசாக நிமிர்ந்து, அறையில் இருக்கிறவர்களின் பக்கம் திரும்பியிருந்தது. யாரோ பார்த்துக்கொண்டே இருக்கிற இடத்தில் தூங்குகிற நாய். தமயந்தி அந்தக் காதைப் பார்த்தாள். அந்த ஆட்டைப் போட்ட கை இதுதான், கண் இதுதான், இதில் இனி ஒன்றும் கேட்பதற்கில்லை. ஈரத் தாளிலிருந்து மை வாடை எழுந்தது, கண் கரித்தது. அப்போதுதான், எந்தக் கூச்சமும் இல்லாமல், உள்ளே அந்தக் குரல் பேசியது: இந்த நாய் தினமும் இங்கேதானே படுத்திருக்கிறது, இவள் முன்பே வரைந்து பழகியிருக்கலாமே. தமயந்திக்கு உடம்பு ஒரு தடவை தூக்கிவாரிப் போட்டது. இது நிற்காது. இவள் இங்கேயே உட்கார்ந்து உலகத்தில் உள்ள அத்தனையையும் வரைந்து காட்டினாலும் இந்தக் குரல் அடுத்ததைக் கேட்கும். ஆட்டைக் கேட்டது, நாயைக் கேட்டது, நாளைக்கு எதையாவது கேட்கும். இவளைச் சோதித்துத் தீருகிற விஷயமே இல்லை இது. “உன்னுதுதான் ஜெபா” என்றாள், சத்தமாக, தனக்கே கேட்கிற மாதிரி. “ரொம்ப நல்லா வந்திருக்கு. அந்தப் புத்தகமும் உன்னுதுதான். இனி அதுல யாரும் கேக்கறதுக்கு ஒண்ணும் இல்ல.”

ஜெபமலர் சிரித்தாள். மதியத்திலிருந்து முதல் சிரிப்பு. “தேங்ஸ் மேடம். நீங்க கூட இருந்ததாலதான் கை ஓடுச்சு. இல்லன்னா அழுதிருப்பேன்.” தமயந்தி எதற்கோ தலையை ஆட்டினாள். குலசேகரன் ஸ்டூலை விட்டு எழுந்து வந்து தாளை ஓரமாகப் பிடித்துத் தூக்கிப் பார்த்தார். “பிரமாதம்” என்றார். “பிரமாதம்மா. பாத்தீங்களா மேடம், நீங்கதான் தேவையில்லாம சந்தேகப்பட்டுட்டீங்க. நான் அன்னைக்கே சொன்னேன்ல, பொண்ணு அப்படியெல்லாம் பண்ற பொண்ணு இல்லைன்னு.” சொல்லவே இல்லையே, நம்பவே முடியலையே என்றுதானே சொன்னார், அதுவும் எவ்வளவு சந்தோஷமாகச் சொன்னார். வேண்டுமென்றே இப்போது இதைப் போட்டு உடைக்கிறாரா, இல்லை யோசனையே இல்லாமல் பேசுகிற ஆளா, இதில் எது என்று தமயந்தி அவர் முகத்தில் தேடினாள். முகத்தில் அதே கல்யாண வீட்டுச் சிரிப்பு. “சரி மேடம், எனக்கு ஒரு மீட்டிங்” என்று கைக்குட்டையால் விரலில் பட்ட மையைத் துடைத்துக்கொண்டே போய்விட்டார். எதுவாக இருந்தால் என்ன. சொல்லியாகிவிட்டது. அவர் சொன்னதில் பாதி பொய், ஆனால் காரியம் செய்தது மிச்சம் பாதி.

ஜெபமலர் மண்ணெண்ணெயில் துணியை நனைத்துக் கண்ணாடிப் பலகையைத் துடைத்தாள். ஒரே இடத்தையே துடைத்தாள். அவள் கேட்டுவிட்டால் நன்றாக இருக்கும் என்று தமயந்தி காத்திருந்தாள். கேட்டால் எதாவது சொல்லலாம், காலம் இப்படி இருக்கிறது, எனக்கே என் மேல் நம்பிக்கை இல்லை, பதிப்பகத்தில் என்னை வேண்டாம் என்றுவிட்டார்கள், அந்த ஆட்டை நான் போட்டிருக்க வேண்டும் ஜெபா, எனக்கு வரவில்லை. வாய் வரைக்கும் எல்லாம் வந்து வரிசையாக நின்றன. அவள் கேட்கவில்லை.

“எச்ஓடி சார்தான் சந்தேகப்பட்டார்னு நெனச்சேன்” என்றாள் கடைசியில், துணியைப் பார்த்துக்கொண்டே.

“ஜெபா, நான் தப்பா எதுவும்... இப்பல்லாம் எது யாரோடதுன்னே தெரியலைம்மா. அதனாலதான். நான் உன்கிட்டயே கேட்டிருக்கணும். கேக்காம அவர்கிட்ட போனது தப்பு.”

“புரியுது மேடம்.”

புரியுது என்றால் என்ன புரிந்தது. கோபமாகச் சொல்லியிருந்தால் பிடித்துக்கொள்ள ஒரு பிடி கிடைத்திருக்கும். இந்தப் புரியுது வழவழவென்று இருந்தது, எங்கே தொட்டாலும் வழுக்கியது. தமயந்திக்கு ஒன்றே ஒன்று தெரிய வேண்டும் என்று இருந்தது. இதில் சந்தேகம் இல்லை, விசாரணை இல்லை, ஒரு சித்திரக்காரி இன்னொரு சித்திரக்காரியிடம் கேட்பது. எத்தனையோ நாளாக யாரிடமும் அப்படிக் கேட்டதில்லை. “அந்த ஜன்னல் படம், ஜெபா. மழையில ஆடு வெளிய பாக்குதே. அது எப்படிம்மா தோணுச்சு உனக்கு?”

ஜெபமலர் துடைப்பதை நிறுத்தினாள். நிமிர்ந்து உட்கார்ந்தாள். இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டாள். “லீவுக்கு ஊருக்குப் போகும்போது பாத்தது மேடம். நாகர்கோவில் பஸ். வள்ளியூர் தாண்டினதும் மழை வந்துச்சு. கண்ணாடியில என் மொகம்தான் தெரிஞ்சுச்சு, அதைத்தான் ஆடா மாத்திப் போட்டேன்.” கொஞ்சம் யோசித்தாள். “பக்கத்து சீட்டுல யாரும் இல்ல மேடம். சாட்சிக்கு ஆள் கிடையாது.”

“ஐயோ, நான் அதுக்குக் கேக்கல ஜெபா” என்றாள் தமயந்தி. குரல் உடைந்துபோய் வந்தது. “சும்மா கேட்டேன். நெஜமாவே தெரிஞ்சுக்கத்தான் கேட்டேன்.”

“சரி மேடம்” என்றாள் ஜெபமலர். அவள் குரலில் மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. தேநீர் நேரத்து மணி அடித்தது. சிற்ப வகுப்பிலிருந்து பிள்ளைகள் சத்தம் போட்டுக்கொண்டு கேன்டீன் பக்கம் போனார்கள். நீயும் போய் டீ குடிச்சுட்டு வாம்மா என்றாள் தமயந்தி. இல்ல மேடம், அடுத்த படம் ஒண்ணு பாக்கி இருக்கு, இப்பவே ஆரம்பிச்சுடறேன் என்று ஜெபமலர் பையிலிருந்து புது லினோத் துண்டு ஒன்றை எடுத்தாள். வெயில் மேசைக்கே வந்திருந்ததால் அதை அங்கேயே சூடேற வைத்தாள். உளியை எடுத்து நுனியைப் பார்த்தாள். லினோவின் மேல் கொண்டுபோனவள், தொடுவதற்கு முன் நிறுத்திக் கீழே வைத்துவிட்டாள். பையில் கையை விட்டுப் போனை எடுத்தாள். மை டின்னில் சாய்த்து நிறுத்தினாள், சரிந்தது, டின்னை நகர்த்தி மறுபடி நிறுத்தினாள். திரையில் அவளுடைய இரண்டு கையும் லினோவும் சரியாக விழுகின்றனவா என்று குனிந்து பார்த்தாள். சிவப்புப் புள்ளியைத் தொட்டாள்.

“எதுக்கு ஜெபா இது?”

“இருக்கட்டும் மேடம். இனி எல்லாத்தையும் எடுத்து வெச்சுக்கறேன். கேட்டா காட்டலாம்ல.”

அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் கோபம் இருக்கிறதா, குத்தல் இருக்கிறதா என்று தமயந்தி தேடித் தேடிப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. வெயிலுக்குக் குடை எடுத்துப்போகிறவள் முகம் மாதிரி இருந்தது. போனில் நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன. உளி இறங்கியது, முதல் சுருள் கழன்றது. நல்ல கை. என்ன அழகான கை. இன்னும் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம் என்று தமயந்தி தன்னை அறியாமல் எழுந்து மேசையருகே வந்து குனிந்தாள்.

“மேடம்” என்றாள் ஜெபமலர், தலையைத் தூக்காமல். “கொஞ்சம் தள்ளி நில்லுங்க மேடம். உங்க நிழல் விழுது.”

தமயந்தி தள்ளி நின்றாள்.